செவலையைச் சாட்சிக்கு அழைத்த வருடம்

நாம் சாயங்காலம் சேர்ந்து உட்காரும்போது முதலில் முழங்கால் வலி, அப்புறம் சர்க்கரை, அதற்கப்புறம் பேரப்பிள்ளைகள் என்று பேச்சு போகும். கொஞ்ச நாளாக அந்தப் பேரப்பிள்ளைகள் வளர்க்கும் நாய்களும் பேச்சில் சேர்ந்துகொண்டன. போன வாரம் உங்களில் ஒருத்தி சொன்னாள், தன் மகன் வீட்டு நாய்க்கு நல்லவர் யார், கெட்டவர் யார் என்று மோப்பத்திலேயே தெரிந்துவிடும் என்று. வீட்டு வேலைக்குக் கேட்டு வந்த பெண்ணைப் பார்த்து அது உறுமியதாம். அதனால் அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் மட்டும் எழுந்து வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டதாக நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. அந்தப் பெண் எப்படித் திரும்பிப் போயிருப்பாள் என்று நினைத்ததும் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு ஆறு. கள்ளக்குறிச்சியிலிருந்து மலையைப் பார்க்கப் போகும் சாலையில், மலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஊர். எங்கள் வீட்டின் பின்பக்கம் நின்றால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். மழைக்காலத்தில் அது கிட்டத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கும். கோடையில் புகை மூடித் தூரப் போய்விடும். நிலம் கிடையாது. அப்பா கூலிக்குக் கரும்பு வெட்டப் போவார். தை பிறந்தால் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்விடுவார். அங்கேயே வயல் ஓரத்தில் கரும்புத் தோகையால் குடிசை போட்டுத் தங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வரும்போது அவர் சட்டையில் எரிந்த தோகையும் புளித்த கரும்புச் சாறும் சேர்ந்த ஒரு வாடை இருக்கும். கையெல்லாம் கரும்புச் சுணை கீறிய கோடுகள்.

செவலை அம்மாவுடைய நாய். புளி உலுக்கும் வேலைக்கு மலைக்குப் போயிருந்த அம்மா, ஒருநாள் கூடையில் புளியோடு புளியாக அந்தக் குட்டியையும் போட்டு எடுத்து வந்தாள். அதன் நிறமும் புளியின் நிறம்தான். முதல் ஒரு மாதம் அதைத் தூக்கினால் புளிப்பு வாசம் அடிக்கும். அம்மாவை அது எஜமானி என்று நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அம்மா இருக்கிற இடம்தான் அதற்கு ஊர். அவள் களையெடுக்கப் போனால் வரப்பில் படுத்திருக்கும். குழாயடிக்குப் போனால் குடங்களுக்கு நடுவே நிற்கும். அப்பாவைக் கண்டால் எழுந்து நின்று வாலை இரண்டு ஆட்டு ஆட்டும், அவ்வளவுதான். தம்பி காதைப் பிடித்து இழுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். என்னோடு அதற்குத் தனி உறவு எதுவும் இல்லை, அம்மா சாகும் வரை.

அம்மாவுக்குப் புரட்டாசியில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், மந்திரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. அப்பாவின் அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. அந்த அத்தைதான் அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள். மடியில் தலையை வைத்துக் கஞ்சி ஊற்றியவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் சொல்லப் போவதை வைத்து அத்தையைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். செவலை போனது. திரும்பி வந்ததும் வீடு முழுக்கத் தேடியது. முறம், அம்மிக்கல், பாய், அடுப்பங்கரையில் அம்மா உட்காரும் மணை, ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்து உட்கார்ந்தது. மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் அது தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை அம்மா உடுத்தியிருந்த ஒரு கத்திரிப்பூ நிற நூல் புடவை உள்கொடியில் கிடந்தது. வண்ணாரிடம் போய்விடக் கூடாது என்று நான் அதைச் சுருட்டி, பின்கட்டில் காலிச் சாக்குகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வியர்வையும் கஞ்சியும் விளக்கெண்ணெயும் கலந்த அம்மாவின் வாசம் அதில் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாக்கைத் தூக்கி முகத்தைப் புடவையில் புதைத்துக்கொள்வேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினால் செவலை. என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி அதுவும் முகர்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அது சாப்பிட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

தை மாதத்தில், கரும்பு வெட்டப் போவதற்கு முன்னால், அப்பா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோவிலில் வைத்துத் தாலி கட்டியிருந்தார். குழந்தை இல்லை என்று முதல் புருஷன் விட்டுவிட்ட பெண். பெற்றோர் இல்லை. அவளுடைய அண்ணன் மலை மேல் ஒரு தோட்டத்தில் காவல் வேலை பார்த்தார். அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறாள். கையில் ஒரு துணிப்பை மட்டும் கொண்டு வந்தாள். உயரமாக, ஒல்லியாக, பேசும்போது தரையைப் பார்த்துக்கொண்டு பேசுவாள்.

“சின்னம்மான்னு கூப்புடுங்க” என்றார் அப்பா.

நாங்கள் எதுவும் சொல்லி அழைக்கவில்லை.

அவளிடம் மாற்றுப் புடவை சரியாக இல்லை என்று அப்பா தகரப்பெட்டியைத் திறந்து அம்மாவின் பச்சைப் புடவையை எடுத்துக் கொடுத்தார். அதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் குளித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சாலையோரம் படுத்திருந்த செவலை தலையைத் தூக்கியது. பிறகு ஒரே ஓட்டமாக ஓடி வந்தது. வால் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க ஆடியது. புடவைத் தலைப்பில் மூக்கை வைத்தது. முழங்காலில் கால் போட்டு எழும்பி, அவள் கையை முகர்ந்தது, முகத்தை அண்ணாந்து பார்த்தது. அப்படியே பின்வாங்கியது. முதுகு மயிர் சிலிர்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. அந்த மாதிரி உறுமலை அதனிடம் நான் கேட்டதே இல்லை.

“பாத்தியா?” என்றாள் அத்தை, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து. “வாயில்லாத ஜீவன். அதுக்குத் தெரியுது இது இன்னா மாதிரி பொம்பளைன்னு.”

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. குழாயடி, ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் வைத்த சோற்றைச் செவலை தொடவில்லை. அது தொடாததால் நானும் தொடவில்லை. அத்தை வீட்டில் போய்ச் சாப்பிட்டேன். தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். மறுநாள் மறுபடியும் சோறு போட்டு வைப்பாள்.

நாய் எங்கள் பக்கம் இருந்தது எனக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்று இப்போது சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அம்மா போன இடத்திலிருந்து செவலை வழியாக என்னிடம் பேசுகிறாள் என்றே நம்பினேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம். வயிற்று வலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அப்பா ஊரில் இல்லை. பின்கட்டில் சத்தமே இல்லாமல் ஏதோ நடப்பது போலிருந்தது. தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

சின்னம்மா முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சொந்தப் புடவை, காவி ஏறிப்போன பழைய மஞ்சள், அதைக் கட்டியிருந்தாள். செவலைக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கேழ்வரகுக் களி ஓர் உருண்டையைத் தன் பின்னால் தரையில் வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏதோ தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள்.

“நீ தின்னா தின்னு, தின்னாட்டி போ. நான் பாக்கல. எனக்கும் இங்க யாரையும் தெரியாது. ஒனக்கும் இருந்த ஒரு ஆளு பூட்டாங்க. இன்னா பண்றது சொல்லு.”

செவலை வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தது. களியைக் கவ்வியது. ஓடவில்லை. அங்கேயே தின்றது. தின்றுவிட்டு அவள் முதுகை, பிடரியை, கொண்டையை முகர்ந்தது. அவள் அசையவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. செவலை அவளைச் சுற்றி வந்து பக்கத்தில் படுத்தது.

எனக்கு வயிற்று வலி போய்விட்டது. அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. துரோகம் என்ற வார்த்தை அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இடுக்கில் நின்றபோது எனக்குள் இருந்தது அதுதான்.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். மஞ்சள் புடவை கட்டிய நாட்களில் செவலை அவள் பக்கத்தில் போகிறது. பச்சைப் புடவை கட்டிய நாட்களில் தள்ளி நின்று உறுமுகிறது. அம்மாவின் வாசத்துக்குள்ளிருந்து வேறு ஒருத்தி வருவதை அதனால் தாங்க முடியவில்லை. பத்து வயதில் இதையெல்லாம் இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் எந்தப் புடவைக்கு எது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. சின்னம்மாவுக்கும் தெரிந்திருந்தது. சீக்கிரமே பச்சைப் புடவையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

நானும் யாரிடமும் சொல்லவில்லை. செவலை மாறிவிட்டது என்று தெருவுக்குத் தெரிந்தால் என் பக்கம் யாருமே இல்லாமல் போய்விடும்.

பங்குனி தொடக்கத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. சின்னம்மா கொடுத்த சோற்றை எனக்குத் தெரியாமல் அவன் சாப்பிடத் தொடங்கியிருந்தான். இரண்டு நாள் வாந்தி. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னம்மாதான் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கெட்ட தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னாராம். மருந்து கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டான். ஆனால் தெருவில் பேசியது வேறு. அவள் சோற்றைத் தின்றதால்தான் வந்தது, நாய் தொடாத சோறு அது, அதில் ஏதோ இருக்கிறது என்று பேசினார்கள். அத்தைக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. அம்மாவிடம் எங்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தவள் அவள். அப்பாவுக்கு ஆள் அனுப்பினாள்.

அப்பா சனிக்கிழமை மாலை வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை தெருப் பெரியவர்கள் நாலு பேர் வந்து பேசுவதாக ஏற்பாடு. அத்தை தெளிவாகச் சொல்லியிருந்தாள்: “நான் ஒன்னும் சொல்லல. நாய வெளிய வுடுங்க. அதுவே சொல்லட்டும்.”

அன்று விடிந்ததும் சின்னம்மா தன் மஞ்சள் புடவையில்தான் இருந்தாள். நான் பின்கட்டுக்குப் போனேன். சாக்கைத் தூக்கினேன். கத்திரிப்பூ நிறப் புடவையை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன். அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்:

“எல்லாரும் வராங்க. ஒன் பொடவ கிழிஞ்சிகினு கீது. இதக் கட்டிக்கினு வா.”

அவள் அதை வாங்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சந்திக்கவில்லை, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் பெரியவர்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வேலியோரம் நின்றார். செவலையை என் தம்பி பிடித்துக்கொண்டிருந்தான். சின்னம்மா படி இறங்கியதும் அது அவன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பாய்ந்தது.

அது உறுமவில்லை. உறுமியிருந்தால்கூட எனக்குப் பின்னாளில் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அது அழுதது. மெல்லிய குரலில், குட்டியாக இருந்தபோது அழுத மாதிரி. அவளைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அவளுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல எட்டிப் பார்த்தது. புடவைக் கொசுவத்தைப் பல்லால் பிடித்துக்கொண்டு பின்னால் இழுத்தது. முழு பலத்தோடு இழுத்தது. உள்ளே இருக்கிற ஒருத்தியை வெளியே எடுத்துவிடப் பார்க்கிற மாதிரி. துணி கிழிந்தது. சின்னம்மா கையால் தடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. “சரி, சரி” என்று மட்டும் அதனிடம் சொன்னாள்.

தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். நாய் அவள் மேல் பாய்ந்தது, புடவையைக் கிழித்தது.

“இன்னும் இன்னா வேணும்?” என்றாள் அத்தை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். “யாரையும் தப்பு சொல்லல. கொஞ்ச நாளு பொண்ணு அண்ணன் வூட்டுல இருக்கட்டும். புள்ளைங்க மனசு தேறட்டும். அப்பறமா பாத்துக்கலாம்.” அப்பாவைப் பார்த்து, “நீ இன்னாப்பா சொல்ற?” என்றார்.

அப்பா வேலி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

சின்னம்மா உள்ளே போனாள். அதே துணிப்பையோடு, மஞ்சள் புடவையில் வெளியே வந்தாள். கத்திரிப்பூ நிறப் புடவையை மடித்து, நான் வைத்திருந்த அதே இடத்தில் சாக்குக்கு அடியில் வைத்திருந்தாள் என்பதைப் பிறகுதான் பார்த்தேன். அவளுக்கு அந்த இடம் முன்பே தெரிந்திருந்தது. அன்று மாலை நான் அதை எடுத்து முகர்ந்தேன். அம்மாவின் வாசத்தோடு இன்னொருத்தியின் வியர்வையும் இருந்தது. எது யாருடையது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு ஒருநாளும் முடியவில்லை.

இரண்டு நாள் செவலை வாசலில் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் அதைக் காணோம்.

லாரி அடித்திருக்கும் என்றார்கள். நரி பிடித்திருக்கும் என்றார்கள். தம்பி சின்னம்மாவைக் கேட்டு அழ ஆரம்பித்தான், நாயைக் கேட்டும் அழுதான். நான் இரண்டையும் கேட்டு அழவில்லை. சித்திரையில் புளி வாங்க மலைக்குப் போய் வந்த வியாபாரி ஒருவர் பஸ் நிற்கும் இடத்தில் சொல்லிவிட்டுப் போனார்: “உங்க செவல நாயி மேல அந்தப் பொண்ணு கூட கீது. தோட்டத்துல அவ பின்னாடியே சுத்திகினு கீது.”

கரும்பு வெட்டு முடிந்து அப்பா ஊருக்கு வந்திருந்தார். மறுநாள் காலை ஒரு கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நாய இட்டுகினு வரேன்” என்றார் அத்தையிடம். என்னையும் கூட வரச் சொன்னார்.

அடிவாரம் வரை பஸ். அதற்கு மேல் நடை. பாறை சூடேறுவதற்குள் பாதி ஏறிவிட்டோம். வழியெல்லாம் உதிர்ந்த இலை மொறுமொறுவென்று நொறுங்கியது. உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் தோட்டம் வந்தது. ஓலைக் கூரை, மண் சுவர், இரண்டு பலா மரங்கள்.

செவலைதான் முதலில் பார்த்தது. குரைத்துக்கொண்டு வந்து, பாதியில் நாங்கள் யார் என்று தெரிந்ததும் குரைப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. என் மேல் பாய்ந்து என்னைக் கீழே தள்ளியது. முகம், காது, கழுத்து எல்லாம் நக்கியது. அப்பாவின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் செய்ததைப் பற்றி அதன் மனசில் ஒன்றுமே இல்லை. அது என்னை மன்னித்ததாகச் சொல்ல மாட்டேன். மன்னிக்க வேண்டும் என்றால் முதலில் குற்றம் சாட்ட வேண்டும். அது யார் மேலும் எதையும் சாட்டவே இல்லை.

சின்னம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். பசியில் நான் வாங்கிச் சாப்பிட்டேன். அவள் கையால் நான் சாப்பிட்ட முதல் சோறு.

அப்பா கையைக் கழுவிவிட்டு, “நாய இட்டுகினு போலாம்னு வந்தேன்” என்றார்.

“கூப்புடுங்க. வந்தா இட்டுகினு போங்க” என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

நான் அவள் பின்னால் ஊற்றடிக்குப் போனேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், எதிரில் நின்று சொல்லும் தைரியம் இல்லை.

“அந்தப் பொடவ… நான் வேணும்னுதான் குடுத்தேன்.”

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“அதுல உங்கம்மா வாசம் இருந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது. நாய்க்குத் தெரியாதா?”

“அப்பறம் ஏன் கட்டிக்கினே?”

தேய்ப்பதை நிறுத்தினாள். சாம்பல் கையைத் தண்ணீரில் அலசினாள்.

“ரெண்டு மாசமா நீ எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. ஒரு பொருளு கையால குடுக்கல. அது ஒன்னுதான் நீயா எடுத்தாந்து குடுத்தே. வேணாம்னு எப்படிச் சொல்றது?”

நான் அழுதேனா என்று நினைவில்லை. ஊற்றுத் தண்ணீரில் இலை மிதந்து சுற்றியது மட்டும் நினைவிருக்கிறது. அவள் ஈரக் கையால் என் தலையைத் தொட்டுவிட்டு எழுந்து போனாள்.

நாங்கள் கிளம்பியபோது செவலை சந்தோஷமாக எங்களோடு வந்தது. அப்பா கயிற்றைக் கட்டவில்லை. அது முன்னால் ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், மறுபடி ஓடும். கால் மணி நேரம் இறங்கியிருப்போம். என்னால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புடவையை ஒளித்து வைத்தது, தட்டி இடுக்கில் பார்த்தது, செவலை அவளிடம் ஒட்டிக்கொண்டது தெரிந்தும் மறைத்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தது.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பாதை ஓரத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். தோளிலிருந்த கயிற்றை எடுத்துக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“நானும் பாத்தேன்” என்றார்.

“இன்னா பாத்தீங்க?”

“அந்த ஞாயித்துக்கெழம விடியக் காலையில. பின்னாடி போனேன். அவ உள்ளங்கையில களி வச்சிகினு இருந்தா, அது நக்கித் தின்னுகினு இருந்துச்சு. நல்லாப் பாத்தேன்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

அவர் கயிற்றைப் பாறை மேல் வைத்தார். “அக்கா அழுதுச்சு. நாலு பேரு உக்காந்துகினு இருந்தாங்க. நான் எதுவும் சொல்லாமலே முடிஞ்சிடும் போல இருந்துச்சு. வுட்டுட்டேன்.”

அப்பா அழுது நான் பார்த்தது அம்மா செத்தபோது ஒருமுறை, இது இரண்டாவது முறை. ஊரே என்னைக் கேட்டிருந்தால்கூட நான் பத்து வயதுப் பிள்ளை, என் பேச்சை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும். இதை அப்போது நான் நினைக்கவில்லை. எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆன பிறகுதான் தோன்றியது. கோபமாக அல்ல. எங்கள் ஊரில் எத்தனையோ ஆண்கள் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றதை அதற்குள் நான் பார்த்துவிட்டிருந்தேன்.

நாங்கள் மறுபடி மேலே ஏறினோம். அப்பா வாசலில் நின்றுகொண்டு, வழியில் பாறையில் வைத்து என்னிடம் சொன்னதை அவளிடமும் அவள் அண்ணனிடமும் சொன்னார். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். முதல்முறையாகத் தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இத எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவுறது?” என்றாள். “எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க கிட்ட போய் சொல்லுங்க.”

அன்று எங்களோடு அவள் வரவில்லை. செவலையும் வரவில்லை. எங்களோடு தோட்டத்து வேலி வரைக்கும் வந்துவிட்டு நின்றுகொண்டது. அப்பா அதைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம் பார்த்து அப்பா போனார். ஆண்கள் வராத இடம் அது. குடங்கள் வரிசையில் இருந்தன. அத்தை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் தம்பியும் அப்பாவுக்குப் பின்னால் நின்றோம். அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். அவருக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. குரல் உடைந்து உடைந்து வந்தது.

“அக்கா, எல்லாரும் கேளுங்க. நாயி அவள வெரட்டல. அது அவ கையால தின்னுகினு இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். அந்தப் பொடவ செத்துப்போனவளோடது, அத வச்சிதான் அது அப்படிப் பண்ணுச்சு. புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப தூக்கிகினு ஓடுனது அவதான், நான் இல்ல, நீயும் இல்ல.”

குடம் நிரம்பி வழிந்து கால்களை நனைத்தது. அத்தை குழாயை மூட மறந்து நின்றாள். புடவையை எடுத்துக் கொடுத்தது யார் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்பா என் பெயரை எடுக்கவில்லை. கை நீட்டி என்னைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

“நாயி ஒன்னும் சொல்லல” என்றார். “சொல்ல வேண்டியவன் நான். நான்தான் சொல்லாம நின்னேன்.”

அந்த வார வெள்ளிக்கிழமை அத்தையே மலைக்குப் போனாள். முழங்கால் வீக்கத்தோடு அவ்வளவு தூரம் ஏறினாள். அங்கே இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கடைசி வரை இரண்டு பேரும் சொல்லவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் நானும் தம்பியும் சாலைக்கு வந்து நின்றோம். தூரத்தில் மூன்று உருவங்கள் தெரிந்தன. அத்தை மெல்ல நடந்து வந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னம்மா வந்தாள், இரண்டு பேருக்கும் நடுவில் செவலை. தம்பி ஓடினான். நான் ஓடவில்லை. அவள் கிட்டே வந்து நிற்கும் வரை காத்திருந்து, கையை நீட்டித் துணிப்பையை வாங்கிக்கொண்டேன்.

“வாங்க சின்னம்மா” என்றேன்.